பந்தும் பிரஜாவுரிமையும்

பண்டாரவளையைச் சூழ்ந்த தோட்டங்களில் பந்தாடுவதற்கென்றே சமன் செய்த தரை அரிது. மலைச்சரிவில் கொஞ்சம் மட்டமான இடம் கிடைத்தால் அதுவே மைதானம். உதைபந்தாட்டத்தின் விதிகள் மொத்தம் 17. ஆனால், நமது தோட்டத்துப் பிள்ளைகள் எதுவரை ஆடலாம் என்பதைத் தீர்மானித்த சட்டங்கள் அந்தப் பதினேழில் இல்லை. அவை கொழும்பில் எழுதப்பட்டவை.

இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனம் 1939இல் தோன்றி, 1952இல் ஃபீஃபாவில் இணைந்தது. நாடு உலக அரங்கில் கால்வைத்த அதே 1952இன் பொதுத் தேர்தலில் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1947இல் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் இவர்கள். இடையே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்.

ஒரு நாட்டின் அணியில் ஆடுபவர் அந்நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும் என்பது ஃபீஃபாவின் விதி. அதில் குறை காண முடியாது. எந்த நாட்டுக்கும் பிரஜையாக இல்லாதவன் எந்த அணியில் ஆடுவான்? 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1,50,000 பேரின் கணக்கைப் பின்னர் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கான சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தோட்டங்களில் திறமை இருந்திருந்தால் வெளியே தெரிந்திருக்காதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வீரர்கள் கண்டெடுக்கப்படுவது பாடசாலை அணிகளில். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். தெரிவுக்களத்தின் வாசலுக்கே வர முடியாதவனிடம் திறமைக்குச் சாட்சி கேட்பது என்ன நியாயம்?

இரண்டாவது சட்டம், 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். சங்கங்களின் பதிவு, தேர்தல் ஒழுங்குவிதிகள், தேசிய அணிக்கான ஒப்புதல் என யாவற்றிலும் அமைச்சரின் கை நீள அது வழிவகுத்தது. ஃபீஃபாவின் யாப்போ மூன்றாம் தரப்பின் தலையீட்டை ஏற்பதில்லை. இந்த மோதல் 2023இல் வெடித்தது. அமைச்சின் விதிகளின்படியா, ஃபீஃபா ஏற்கும் யாப்பின்படியா தேர்தல் நடத்துவது என்பதே தகராறு. ஜனவரி 14 தேர்தலில் தலைவரானவர், நுவரெலியா மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஜெ. ஸ்ரீரங்கா. மலையக அரசியலில் நின்ற ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்த ஒரே வாரத்தில், ஜனவரி 21இல், இலங்கைக்குத் தடை விழுந்தது.

தடையின் பொருள் வெளிநாட்டுப் போட்டி இல்லை என்பது மட்டுமல்ல. ஃபீஃபா, ஆசியச் சம்மேளனம் ஆகியவற்றின் அபிவிருத்தித் திட்டங்கள், பயிற்சி நெறிகள் யாவும் நிற்கும். கொழும்புக் கழகங்களுக்கு வேறு வழி பிறக்கலாம். மலைநாட்டுப் பிள்ளைக்கு ஏது? அமைச்சரும் நிர்வாகிகளும் அறிக்கைப் போர் நடத்திய அந்நாள்களில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாக எனக்கு நினைவில்லை.

அவ்வாண்டு ஜூனில் பெங்களூரில் தொடங்கிய தெற்காசியக் கிண்ணப் போட்டியில் இலங்கை இல்லை. ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் யேமனிடம் 3-0 எனத் தோற்று, கொழும்பில் 1-1 எனச் சமன் செய்து, நம் அணி வெளியேறியது.