மதுக்கிண்ணமும் நிலவுடைமையும்: பிரான்சின் இரு முந்திரிகைத் தோட்டங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திராட்சை எனவும் வழங்கும் முந்திரிகையின் மதுவைச் சுவைத்து மதிப்பிடல் பிரான்சில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. மதுவின் நிறத்தை ஒளியிற் பார்த்து, மணத்தை முகர்ந்து, ஒரு மிடறை நாவிற் புரட்டிச் சுவைப்பர். இடையிடையே சிறு தட்டுகளில் வரும் உணவை உண்டு மீண்டும் சுவைப்பர். இவ்வுணவு வெறும் உபசாரமன்று. செம்மதுவிலுள்ள தனின் எனும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைந்து வாயை உலரச் செய்கிறது. பாற்கட்டியிலும் இறைச்சியிலும் உள்ள புரதமும் கொழுப்பும் அத்துவர்ப்பைத் தணிக்கின்றன. பேர்கண்டிப் பிரதேசத்தின் நிலவறைகளில் பாற்கட்டி சேர்த்துச் சுட்ட கூஜேர் எனும் சிறு பலகாரமும், போர்டோப் பிரதேசத்திற் செம்மதுவுடன் ஆட்டிறைச்சியும் பரிமாறப்படுதல் இதனாலேயாகும்.

சுவைக்குக் காரணம் யாதென வினவினால் மண்ணும் வெயிலும் மழையுமே விடையாகக் கூறப்படும். இவ்விடை பிழையன்று, ஆயின் முழுமையானதுமன்று. அம்மண் யாருடைய உடைமையாக இருந்தது, அது எவ்வாறு கைமாறியது, ஒன்றாக நின்றதா அன்றித் துண்டாடப்பட்டதா என்பனவும் அக்கிண்ணத்திற் கலந்தே உள்ளன. ஏறத்தாழ 50 ஹெக்டேயர் வீதம் பரப்புடைய இரு தோட்டங்களை ஒப்புநோக்குவோமாயின் இவ்வுண்மை புலனாகும்.

முதலாவது, பேர்கண்டியிலுள்ள குளோ டி வூஜோ. 1098 இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் துறவிகள் 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு நன்கொடையாகவும் விலைக்கும் பெற்ற காணிகளை ஒன்றுசேர்த்து இதனை உருவாக்கினர். 1336 அளவில் அதனைச் சுற்றிக் கன்மதில் எழுந்துவிட்டது. 'குளோ' என்னும் சொல்லே அடைக்கப்பட்ட நிலத்தைக் குறிப்பதாகும். இத்தோட்டத்தின் மேற்சரிவு நீர் தேங்காதது. கீழ்ப்பகுதியோ களிமண் செறிந்தது. முழு நிலமும் ஒரே மடத்தின் கையில் இருந்தமையால் மேற்சரிவின் பழத்தையும் கீழ்நிலத்தின் பழத்தையும் கலந்து ஒரு மதுவை ஆக்குதல் துறவிகளுக்கு இயல்வதாயிற்று.

இரண்டாவது, போர்டோ நகரின் அயலிலுள்ள ஓ-பிரியோன். 16 ஆம் நூற்றாண்டில் ஜோன் டி பொன்தாக் என்பார் தோற்றுவித்த இத்தோட்டம் மடத்தினதன்று. நகரத்துச் செல்வக் குடும்பமொன்றினது. அதன் பார்வை தொடக்கத்திலிருந்தே சந்தையை நோக்கியிருந்தது. 1663 இல் இலண்டன் மதுச்சாலையொன்றில் இம்மதுவை அருந்தியதைச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின்னர் பொன்தாக் குடும்பத்தினர் அந்நகரிலேயே சொந்தமாக ஓர் உணவுச்சாலையைத் திறந்தனர். 1677 இல் அங்கு நேரிற் சென்ற தத்துவஞானி ஜோன் லொக், அம்மண் மணலும் பரலுமான வறிய மண் என்பதைக் கண்டதோடு, ஆங்கிலச் செல்வர்களின் விருப்பமே விலையை உயர்த்திற்று என்பதையும் குறித்துள்ளார். மண்ணையும் சந்தையையும் ஒருங்கே கண்ட நோக்கு அது.

1789 இல் வெடித்த புரட்சி இவ்விரு தோட்டங்களையும் தாக்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 2 ஆந் திகதி திருச்சபைச் சொத்துக்கள் தேசவுடைமையாக்கப்பட்டன. வூஜோ 1791 இல் ஏலத்தில் விற்கப்பட்டது. ஓ-பிரியோனின் உரிமையாளரான ஜோசப் டி பியூமல் 1794 இற் கொலைக்கருவிக்கு இரையானார். அதன்பின் 1804 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை, தந்தையின் சொத்திற் பெரும்பகுதி பிள்ளைகளிடையே சமமாகப் பங்கிடப்படல் வேண்டும் என விதித்தது. மூத்த மைந்தனின் தனியுரிமைக்கு இடமளியாத இவ்விதி நீதியானதே. ஆயின் அதன் விளைவு எங்கணும் ஒன்றாக அமையவில்லை.

வூஜோ ஊவ்ரார் குடும்பத்தின் கையில் நெடுங்காலம் ஒன்றாகவே நின்றது. 1889 இல் அது பலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. பின்னர் விற்பனையும் பாகப்பிரிவினையும் அதனை மேலும் மேலும் துண்டாக்கின. இன்று அம்மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர் உளர். ஓ-பிரியோனிலோ மறுதலையான போக்கு நிகழ்ந்தது. முன்னரே பாகப்பிரிவினையாற் பிரிந்திருந்த பகுதியையும் 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லாரியு குடும்பம் விலைகொடுத்து மீட்டு ஒன்றாக்கியது. 1935 இல் கிளாரன்ஸ் டிலன் என்ற அமெரிக்க வங்கியாளர் அதனை வாங்கினார். பின்னர் அது அவர் குடும்பத்துக் கம்பனியின் உடைமையாயிற்று. லத்தூர் என்ற மற்றொரு போர்டோத் தோட்டத்தின் வாரிசுகள் 1842 இலேயே கம்பனி அமைத்திருந்தனர். பங்குகள் பிரிந்தன, நிலம் பிரியவில்லை. 1855 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோ வர்த்தக சம்மேளனத்தின் வேண்டுகோளின்படி தரகர்கள் வகுத்த தரவரிசையும் இம்முதலாளித்துவத் தன்மையையே காட்டுகிறது. அவ்வரிசைக்கு அளவுகோலாக அமைந்தது நெடுங்காலச் சந்தை விலையேயாகும். அதில் ஓ-பிரியோன் முதல் வகுப்பில் இடம்பெற்றது.

எனவே, இன்று ஒரு மேசையில் இவ்விரு மதுக்களையும் வைத்துச் சுவைப்பவர் இருவேறு வரலாறுகளையே சுவைக்கிறார். ஓ-பிரியோன் கிண்ணத்தில் ஒரு தோட்டம் முழுமையாக உள்ளது. வூஜோக் கிண்ணத்திலோ ஒருவருடைய துண்டு நிலம் மாத்திரமே உள்ளது. மேற்சரிவில் நிலம் உடையவரின் மதுவும் கீழ்நிலத்தவரின் மதுவும் ஒரே பெயரைத் தாங்கி வந்தாலும் ஒரே தரத்தனவல்ல. துறவிகள் கலந்து ஆக்கிய மதுவை இன்று எப்பொருள் கொடுத்தும் பெறவியலாது.

இதனைக் கொண்டு மடத்தின் ஆட்சியே மேலெனக் கொள்ளுதல் தவறாகும். அம்மதிலை எழுப்பிக் கொடிகளைக் கவாத்து வெட்டிய மடத்துத் தொழிலாளரின் பெயர் எந்தப் போத்தலிலும் இல்லை. பங்கீடு பேர்கண்டியில் உழுபவனையே உடைமையாளனாக்கிற்று என்பதும் மறுக்கவியலாதது. ஆயினும் விலையேற்றமும் மரபுரிமை வரியும் அவ்வுடைமையைத் தளர்த்தி வருகின்றன. வூஜோவுக்கு அண்மையிலுள்ள குளோ டி லாம்பிறே தோட்டத்தை 2014 இல் எல்.வி.எம்.எச். எனும் ஆடம்பரப் பொருட் பெருங்கம்பனி வாங்கியமை இதற்குச் சான்றாகும்.

சுருங்கக் கூறின், சமபங்கு என்னும் சட்டம் மட்டும் சிறு உடைமையாளனைக் காத்துவிடாது; நிலத்தின் விலையை நிர்ணயிக்கும் சந்தை அவன் கைக்கு எட்டாதவரை அவனுடைமை நிலையற்றதேயாகும். கிண்ணத்தின் அடியில் எஞ்சும் வண்டல் போன்று இவ்வுண்மை வரலாற்றின் அடியிற் படிந்து கிடக்கின்றது.