கங்காணியை எள்ளிய பாட்டு

ஆட்சியாளரின் வரலாறு அரசாங்க ஏடுகளிற் கிடைக்கின்றது. ஆளப்பட்டோரின் வரலாற்றை எங்கே தேடுவது? அவர்தம் பாட்டிலே தேடலாம் என்பர். உண்மைதான். ஆயின், எந்தப் பாட்டு நமக்கு எஞ்சுகிறது என்பதைத் தொகுப்பவரின் கையும் தீர்மானிக்கிறது. நாட்டார் பாடல் என்றதும் தாலாட்டு, காதல், ஒப்பாரி ஆகியவற்றை மட்டும் எண்ணும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. அதிகாரத்தை எள்ளி நகையாடிய பாட்டு எங்கே போயிற்று?

18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவை நோக்குவோம். அங்கே அரசியல் எள்ளற் பாட்டு ஒற்றைத் தாள்களில் அச்சாகித் தெருவிற் கூவி விற்கப்பட்டது. முதலமைச்சர் வால்போலைத் தாக்கியோர் வழக்குக்கு அஞ்சிப் பெயரின் சில எழுத்துக்களை மட்டும் அச்சிட்டு இடையிலே கோடிட்டனர். படித்தோர் அவ்விடைவெளியை நிரப்பிச் சிரித்தனர். அத்தாள்களைச் சேர்த்துக் காத்தவர்களுட் செல்வர் பலர். ஹார்லி பிரபு தொடங்கிய தொகுதியொன்று, ரொக்ஸ்பரோ கோமகனிடம் வளர்ந்து, 1845இல் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தது. வேலைக்காரிகள் தீமூட்டக் கிழித்துக்கொண்டிருந்த பழைய பாட்டுச்சுவடி ஒன்றைத் தோமஸ் பேர்சி என்னும் பாதிரியார் மீட்டார். 1765இல் அதிலிருந்து நூல் வெளியிட்டபோது, கனவான்களின் சுவைக்கேற்பப் பாட்டுக்களைத் திருத்தியும் விட்டார். ஜோசப் ரிட்சன் அச்செயலைக் கடுமையாகக் கண்டித்தார். மக்களின் சொல்லைத் திருத்தத் தொகுப்பவனுக்கு உரிமை உண்டா என்னும் அந்த வினா இன்றும் நம்முன் நிற்கிறது.

அதே பிரித்தானியரின் ஆட்சியில், கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820களில் கோப்பிப் பெருந்தோட்டங்கள் தோன்றின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அச்சு வாகனம் யார் பக்கம் இருந்தது? 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ கோப்பிச் செய்கையைப் போற்றியது. மக்களின் கும்மி வடிவம் தோட்டத்தின் புகழைப் பாடப் பயன்பட்டது. 1915இல் துரைமாருக்கென வெல்ஸ் என்பார் ‘கூலித் தமிழ்’ கற்பிக்கும் கைநூலொன்றை வெளியிட்டார். வேலை வாங்கும் தமிழ் அச்சேறியது. வேலை செய்தவரின் பாட்டு அச்சேறவில்லை.

அப்பாட்டு வாயிலேயே வாழ்ந்தது. பெரட்டுக்களத்து விடியலும், அரைநாட் கூலியாகக் குறைக்கும் ‘அரைப்பேரும்’, கணக்கப்பிள்ளையின் அதட்டலும், கங்காணியின் மிடுக்கும், துரையின் கொடுமையும் அதன் பொருளாயின. வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிடச் சட்டம் இருந்த காலம் அது. கடன் தீர்ந்ததெனக் கங்காணி ‘துண்டு’ தராவிடின் தோட்டம் மாறவும் இயலாது. 1921இலேதான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. அத்தகைய காலத்தில் வெளிப்படையாக எதிர்த்துப் பேசுதல் எளிதன்று. ஆனால் கொழுந்து நிரை முழுவதும் சேர்ந்து பாடும் பாட்டில் குற்றவாளி யார்? இலண்டன் கவிஞனுக்கு ஒரு சிறு கோடு அளித்த மறைவைத் தோட்டத்துப் பெண்ணுக்குப் பல குரல்கள் அளித்தன.

இந்த மறைவிலிருந்து பாட்டை மேடைக்குக் கொணர்ந்தவர் மீனாட்சி அம்மாள். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென முதற் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். மக்கள் அறிந்த மெட்டுக்களில் அரசியலைப் பாடிக் கூட்டங்களைத் திரட்டினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவரது பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. அவ்வாண்டு சனவரியிலேதான் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்.

பின்னர், வாய்மொழிப் பாட்டுக்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எனத் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). தோட்டத்திலே பிறந்து, 1947இல் தலவாக்கொல்லையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். பிரித்தானியாவில் செல்வர் ஏழைகளின் பாட்டைச் சேர்த்தனர். இங்கே தொழிலாளரின் தலைவரே தொழிலாளரின் பாட்டைச் சேர்த்தார். சாரல்நாடன் அப்பணியைத் தொடர்ந்தார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்த பின்னர் இத்தொகுப்புக்கு வேறொரு பொருளும் உண்டாயிற்று. இந்த மண்ணின் மலைப்பெயர்களும் தோட்டப்பெயர்களும் ஏறிய பாட்டு, பாடியவர் இந்த மண்ணுக்குரியவர் என்பதற்குச் சான்று.

அச்சான்று சிதறியும் போயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. சென்றவர்களோடு பாட்டுக்களும் சென்றன. நீலகிரித் தேயிலை மலைகளிலும் அவற்றைத் தேடவேண்டும். இங்கும் தேடவேண்டிய இடம் தோட்டம் மட்டுமன்று. கண்டி நகரின் மஹய்யாவையில் மாநகரசபைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. நகரத்தைத் துப்புரவாக்கியவர் அந்நகரத்தை எவ்வாறு எள்ளினர் என்பதும் வரலாறே.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க பணி இது. பாடியவரின் இசைவோடு பாட்டைப் பதிவு செய்வோம். எந்த ஊர், எந்த வேலை, யாரைக் குறித்த பாட்டு என்பவற்றை அருகே எழுதுவோம். இவை இன்றேல் எள்ளலின் இலக்கு மறைந்துவிடும். வசைச்சொல் வந்தால் வெட்டாதிருப்போம். பேர்சி செய்த திருத்தத்தை நாமும் செய்தால், கங்காணியின் மானம் காக்கப்படும். தொழிலாளியின் கோபம் அழிக்கப்படும். கோபத்தை நீக்கிய பாட்டு அழகாக இருக்கலாம். ஆனால் அது உழைத்தவரின் வரலாறு ஆகாது.