நிரலுக்கு வரும் ஓலை

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ், ஓடும் நிரலுக்குச் சமிக்ஞை அனுப்பும் முறையைப் பின்வந்த அமைப்புகளுக்கும் தந்தது. 15ஆம் சமிக்ஞை 'முடித்துக்கொள்' எனும். 9ஆம் சமிக்ஞை அவகாசமின்றி உயிர் வாங்கும். 1991இல் வெளிவந்த பைத்தான் மொழியில், முன்னதைக் கேட்டவுடன் கோப்பைச் சேமித்து விடைபெறுமாறு சில வரிகள் எழுதிவைக்கலாம். பின்னதை எவ்வரியும் தடுக்காது. இரவெல்லாம் நடந்த கணக்கு காலையில் எஞ்சுவது அவ்வரிகளாலேயே.

சமிக்ஞை வந்தாலும், கையிலுள்ள நுண்கட்டளை முடிந்த பின்னரே பைத்தான் அவ்வரிகளை நிறைவேற்றும். இதனை எவரும் அதன் மூலநிரலிலேயே படித்துத் தெளியலாம். 2001இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்ற இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வலியுறுத்திய உரிமை இதுவே. உள்ளே நடப்பதை அறிந்தவனே இறுதி ஓலைக்கு ஆயத்தமாக இருப்பான்.