அம்மா ஏன் சம்மதித்தார்?

முதல் உலகப் போரின் காரணங்களை என் மாணவர்கள் மடமடவென்று ஒப்பிப்பார்கள்: சரயேவோ கொலை, கூட்டணிகள், ஆயுதப் போட்டி. பையன்கள் ஏன் தாமாகவே பட்டாளத்தில் சேர்ந்தார்கள் என்று கேட்டால் வகுப்பே கப்சிப்.

அப்போது ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் 'தன்னார்வலர்கள்' படத்தைக் காட்டுவேன். 1923ல் வெளியான 'போர்' வரிசையின் ஏழு மரச்செதுக்கு ஓவியங்களில் ஒன்று. முன்னால் மரணம் முரசடித்துப் போகிறது, பின்னால் இளைஞர்கள். முகத்தில் இருப்பது ஆவேசமா, அலறலா? இந்தச் சண்டையிலேயே பாதி நேரம் போய்விடும். (பரீட்சைக்கு வராதுதான்!)

பிறகு சொல்வேன்: மரணத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் அவருடைய மகன் பீட்டர். அப்பா அனுமதி தர மறுத்தார். பேசிச் சம்மதிக்க வைத்தவர் இந்த அம்மாதான். 1914 அக்டோபரில், 18 வயதில், பெல்ஜியத்தில் இறந்தான்.

"அம்மா ஏன் சார் சம்மதிச்சாங்க?" என்று யாராவது கேட்பார்கள். 1914ன் ஜெர்மனியை அங்கிருந்துதான் நடத்தத் தொடங்குவேன்.