மணல்மேல் கட்டிய வீடு

போன ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல் முடிந்து வந்த மகள், தான் வரைந்த படத்தைக் காட்டினாள். மழை, வெள்ளம், மணல்மேல் சரிந்து கிடக்கும் ஒரு வீடு. மணலுக்கு மஞ்சள் அடித்திருந்தாள். இங்கே டொராண்டோ ஏரிக்கரையில் அவள் பார்த்த மணல் அது. எனக்கோ அந்தக் கதையில் வரும் மணல் எப்போதும் சாம்பல் நிறம்தான். கோலார் தங்கவயல்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக இது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கிரேக்க மூலத்தில் என்ன சொல் இருக்கிறது என்று தேடினேன். 'அம்மொஸ்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் ஐந்தே இடங்களில்தான் வருகிறது. ரோமர், எபிரெயர், வெளிப்படுத்தலில் இரண்டு... நான்கிலும் கடற்கரை மணல். அதில் மூன்று இடங்களில் எண்ணி முடியாத கூட்டம் என்று பொருள். ஆபிரகாமின் சந்ததிக்கும் அதுதான் உவமை, கடைசி யுத்தத்துக்குத் திரளும் எதிரிப்படைக்கும் அதுதான் உவமை. ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் ஆபிரகாமுக்குச் சொன்ன வாக்கில் இதே சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள்.

கடல் இல்லாத மணல் ஒரே இடத்தில்தான். மத்தேயு 7:26, புத்தியில்லாதவனின் வீடு. இதே கதையை லூக்கா சொல்லும்போது 'அம்மொஸ்' கிடையாது. அஸ்திவாரம் போடாமல் மண்மேல் கட்டினான் என்கிறார். நல்லவனோ ஆழமாகத் தோண்டிப் பாறையைக் கண்டு கட்டினானாம். நம் தமிழ் வேதாகமமும் மத்தேயுவில் மணல், லூக்காவில் மண் என்று சரியாகப் பிரித்திருக்கிறது. சிறு வயதில் எத்தனை முறை படித்தும் இதைக் கவனித்ததில்லை!

ஆழமாகத் தோண்டுவதைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. தோண்டிய பாறையை மில்லில் மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே கொட்டினார்கள். அப்படிக் குவிந்ததுதான் சயனைடு மேடு. எங்கள் வீட்டில் அதைச் 'சயனைடு மண்ணு' என்போம். கோடைக் காற்றில் பறந்து வந்து சோற்றில் விழும், உலர்த்திய துணியில் படியும். பாட்டி தண்ணீர்ப் பானைக்கு ஈரத்துணி கட்டி வைப்பார்.

ஆனால் எங்கள் லைன் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டது அந்த மணலால் அல்ல, பாறையால். அடியில் குடைந்துகொண்டே போனால் மேலே உள்ள பாரமெல்லாம் மிச்சமிருக்கும் பாறைமேல் இறங்கும். தாங்க முடியாத கட்டத்தில் அது வெடித்துச் சிதறும். அதுதான் ராக் பர்ஸ்ட். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். உள்ளே ஷிஃப்டில் ஆள் இருக்கும் வீட்டுப் பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். பாறை வெடிப்பதை ஆராயவே 1988-இல் அங்கே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் வைத்தார்கள் என்றால் பாருங்களேன்.

மில்லில் வேலை பார்த்த தாத்தா, சர்ச்சில் இந்தக் கதை வாசிக்கும்போதெல்லாம் என் காதில் முணுமுணுப்பார். "அந்த மணலும் பாறைதான்டா. நாங்க இடிச்சது."

28 பிப்ரவரி 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். மேடுகள் மட்டும் அப்படியே நின்றன. வேதத்தில் மணல் எண்ணமுடியாதது. எங்கள் மணலையோ எடை போட்டே வைத்திருக்கிறார்கள்: 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம். அதையும் எடுக்கலாமென்று 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அங்கிருந்து வேலை தேடி பெங்களூருக்கு விடிகாலை ரயிலில் போகிறவர்களையும், என்னைப் போலக் கடல் தாண்டியவர்களையும் அப்படி யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

மகளிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். யோசித்துவிட்டு, சாம்பல் நிறப் பென்சிலை எடுத்து மஞ்சளின்மேல் தீட்ட ஆரம்பித்தாள். வீட்டை நிமிர்த்தி வரையட்டுமா என்று கேட்டாள்.