வெள்ளுடையும் புகைக்கரியும்

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாக்கவானா ரயில் நிறுவனம், ஃபீபி ஸ்னோ என்னும் கற்பனைப் பெண்ணைத் தன் விளம்பரங்களில் உலவவிட்டது. பயணம் முடிந்தும் அவளுடைய வெள்ளுடை மாசுபடாது. அந்நிறுவனத்தின் எஞ்சின்கள் புகை குறைந்த ஆந்த்ரசைட் நிலக்கரியை எரித்தமையால் அதில் உண்மையும் இருந்தது.

ஆனால் ரயிலில் செல்பவர் வேறு, ரயிலோடு வாழ்பவர் வேறு. அதே பென்சில்வேனியாவில், 1849இல் வேறொரு ரயில் நிறுவனமே அமைத்த அல்டூனா நகரை நினைத்துப் பாருங்கள். மேற்கே மலை. 1854இல் திறக்கப்பட்ட குதிரைலாட வளைவில் கனத்த வண்டிகளை ஏற்றக் கூடுதல் எஞ்சின்கள் தேவைப்பட்டன. எரித்ததோ புகை மிகுந்த நிலக்கரி. முற்றும் எரியாத கரி புகைக்கரியாகிக் கூரைகளிலும், கொடியில் உலர்ந்த துணிகளிலும் படிந்தது. துவைத்ததையே மீண்டும் துவைத்த பெண்களுக்கு ஃபீபியின் உலகில் இடமில்லை. அவர்கள் யாரை நோவார்கள்? வீட்டின் கூலியும் அந்தப் புகைபோக்கியின் அடியிலிருந்தே வந்தது.

முதல் உலகப்போரில் ஆந்த்ரசைட் வேறு தேவைகளுக்குத் திருப்பப்பட, ஃபீபியும் ஓய்ந்தாள். அல்டூனாவின் நிறுவனத்தில் நீராவி எஞ்சின்கள் 1957 வரை ஓடின. பின்பு துணிகள் வெளுப்பாகவே உலர்ந்தன. டீசல் எஞ்சினைப் பழுதுபார்க்க அத்தனை கைகள் வேண்டியிருக்கவில்லை. பட்டறைகளில் வேலை குறைந்தது.