அறியாத கடனுக்கு வரும் வசூல் கோரிக்கை (ரொறன்ரோ)

தான் வாங்கியதாக நினைவில்லாத கடனையோ, தனக்குச் சம்பந்தமே இல்லாத பாக்கியையோ கட்டச் சொல்லி வசூல் நிறுவனமொன்று கடிதம் அனுப்புவதும் தொலைபேசியில் அழைப்பதும் ரொறன்ரோவில் அடிக்கடி நடப்பவை. கடன் கொடுத்தவர் தாமே கேட்காமல், வசூலிக்கும் வேலையை முகவரிடம் ஒப்படைத்திருப்பார். சில வேளை கடனையே விற்றிருப்பார். அதனால் கடிதத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் பெறுபவருக்குப் புதிதாக இருக்கும். ஒன்ராறியோ மாகாணத்தில் இத்தகைய நிறுவனங்களை வசூல் மற்றும் கடன் தீர்வுச் சேவைகள் சட்டமும் அதன் கீழுள்ள 74ஆம் இலக்க ஒழுங்குவிதியும் கட்டுப்படுத்துகின்றன. அவை மாகாண அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உண்டா என்பதை அரசின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம்.

இந்தக் கோரிக்கைகள் பல வழிகளில் தோன்றுகின்றன. கைவிட்ட கைபேசித் திட்டத்தின் கடைசி பில், உடற்பயிற்சி நிலையத்தின் நிறுத்தப்படாத மாதக் கட்டணம், 407 நெடுஞ்சாலைச் சுங்கம், வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்கிப்போன வாடகைத் தண்ணீர்ச் சூடாக்கி ஆகியவை உண்மையாகவே இருந்து மறந்துபோனவையாக இருக்கலாம். அடையாளத் திருட்டு வேறு வகை. 2017இல், கடன் பதிவுகளை வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் நடந்த தரவுத் திருட்டில் ஏறத்தாழ 19,000 கனடியரின் விவரங்கள் வெளியேறின. அப்படிப்பட்ட விவரங்களை வைத்து இன்னொருவர் பெயரில் கடனட்டை எடுக்க முடியும். மூன்றாவது வகை, கடனே இல்லாமல் மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி அழைப்பு.

தமிழர்களிடம் இன்னொரு காரணமும் உண்டு. அது போதிய அளவு பேசப்படுவதில்லை. நம் வழக்கப்படி தகப்பன் பெயர் ஆவணங்களில் கடைசிப் பெயராகிவிடுகிறது. ஒரே வீட்டில் வாழும் அண்ணனுக்கும் தம்பிக்கும் கடைசிப் பெயர் ஒன்று, முகவரி ஒன்று, முதற்பெயரின் முதலெழுத்தும் சில வேளைகளில் ஒன்று. கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், வங்கியில் இன்னொன்று, சாரதி அனுமதிப்பத்திரத்தில் வேறொன்று. கடன் பதிவகங்கள் பெயர், பிறந்த திகதி, முகவரி போன்றவற்றைப் பொருத்தியே கோப்புகளைச் சேர்க்கின்றன. எனவே ஒருவரின் பாக்கி மற்றவர் கோப்பில் ஏறிவிட இடமுண்டு. ஸ்காபரோவின் நிலக்கீழ் அறைகளில் அடுத்தடுத்துக் குடியிருந்தவர்களுக்கு முந்தைய குடியிருப்பாளரின் கடிதங்களும் வந்து சேரும்.

சட்டப்படி வசூல் நிறுவனம் முதலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடன் யாருக்குரியது, எவ்வளவு, என்ன வகை, எந்த நிறுவனம் கேட்கிறது என்பன அதில் இருக்க வேண்டும். அறிவிப்பை அனுப்பி 6 நாள் கழியும்வரை பணம் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது. அதன்பின் திங்கள் முதல் சனிவரை காலை 7 மணி முதல் இரவு 9 மணிவரையும், ஞாயிறன்று பகல் 1 மணி முதல் 5 மணிவரையும் மட்டுமே அழைக்கலாம். அரச விடுமுறை நாளில் அழைக்க முடியாது. ஒருமுறை பேசிய பிறகு 7 நாளில் 3 தடவைக்கு மேல் தொடர்புகொள்வதும் விதிமீறல். உறவினரையும் அயலவரையும் முகவரியோ தொலைபேசி எண்ணோ கேட்க ஒருமுறை அழைக்கலாம். அவர்களிடம் கடனைப் பற்றிப் பேச அனுமதியில்லை. கடன் தொகைக்கு மேல் 'வசூல் செலவு' என்று சேர்த்துக் கேட்பதும் தடை. 'பொலிஸ் வரும்', 'வதிவிட உரிமை போய்விடும்' என்று சொன்னால் அது பொய்: தனியார் கடன் பாக்கிக்காகக் கனடாவில் கைதும் இல்லை, நாடுகடத்தலும் இல்லை.

அழைப்பு வந்ததும் செய்யக் கூடாத முதல் காரியம் பணம் கட்டுவது. கடன்பட்டவர் என்ற பெயர் வெளியே வந்துவிடுமே என்ற மானப் பயத்தில் நம் பெற்றோர் தலைமுறையினர் சிறிய தொகைதானே என்று கட்டிவிடுவதுண்டு. அந்தப் பயத்தை நம்பித்தான் மோசடிக்காரர் தொழில் செய்கிறார்கள். பிறந்த திகதி, சமூகக் காப்புறுதி (சின்) இலக்கம், வங்கிக் கணக்கு எதையும் சொல்லாமல், அழைத்தவரின் நிறுவனப் பெயரையும் கோப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பக் கேட்பதே சரி. பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லச் சொன்னால் அது நிச்சயம் மோசடி. கனடிய மோசடித் தடுப்பு மையத்திடம் முறையிட வேண்டும்.

'கடன் என்னுடையதல்ல, நான் அந்த நபரல்ல' என்று தெரிவித்தால், ஆளைச் சரியாக உறுதிசெய்யும்வரை நிறுவனம் தொடர்ந்து அழைக்க முடியாது. கடனையே மறுப்பவருக்கு ஒன்ராறியோவில் இன்னும் வலுவான வழி உண்டு. மறுக்கிறேன், உரிமை இருப்பதாக நினைத்தால் நீதிமன்றம் செல்லுங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதினால், அவர் சம்மதமின்றி நிறுவனம் மேற்கொண்டு தொடர்புகொள்ளக் கூடாது. கடிதத்தின் பிரதியும் தபால் ரசீதும் கையில் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கடிதம் கடனை அழிக்காது. வழக்குப் போடும் உரிமை எதிர்த்தரப்புக்கு அப்படியே இருக்கும்.

காலவரம்பு தனி விடயம். 2004 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2002ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடரப் பொதுவாக 2 ஆண்டுகளே அவகாசம். அந்த 2 ஆண்டுக்குள் ஒரு சிறு தொகை கட்டினாலும், கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடும். 'நல்லெண்ணத்துக்கு 20 டொலர் கட்டுங்கள்' என்ற வேண்டுகோளுக்கு இணங்குமுன் இதை நினைக்க வேண்டும். வரிப் பாக்கிக்கும் அரச மாணவர் கடனுக்கும் விதிகள் வேறு.

கனடாவில் கடன் பதிவுகளை ஈக்விஃபாக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரு நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அந்தப் பதிவுகளை வைத்துக் கணிக்கப்படும் கிரெடிட் ஸ்கோர் 300 முதல் 900 வரை. வசூலுக்குப் போன கணக்கு வழக்கமாக 6 ஆண்டுகள் பதிவில் நிற்கும். அதனால் வீட்டுக்கடன், கார்க்கடன், வாடகை வீடு மூன்றும் பாதிக்கப்படும். பணம் கட்டியதும் பதிவு மறைந்துவிடும் என்று நம்புவோர் பலர். அது மறையாது, 'செலுத்தப்பட்டது' என்று மாறும், அவ்வளவுதான். ஆகவே தன்னுடையதல்லாத கடனைத் தொல்லை தீரட்டும் என்று கட்டுவது ஸ்கோரைக் காப்பாற்றும் வழியே அல்ல.

இரு பதிவகங்களிடமும் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒன்றில் இல்லாத தவறு மற்றதில் இருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். தவறு கண்டால் அடையாள ஆவணப் பிரதியுடன் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். ஒன்ராறியோவின் நுகர்வோர் அறிக்கைச் சட்டப்படி பதிவகம் அதை ஆராய்ந்து, உறுதிப்படுத்த முடியாததைத் திருத்தவோ நீக்கவோ கடமைப்பட்டது. அடையாளத் திருட்டு என்றால் பொலிஸ் முறைப்பாட்டு எண்ணையும் இணைத்து, இரு கோப்புகளிலும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்ல வேண்டும். எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துவது, கடன் கேட்கும் படிவத்தில் முழுப்பெயரையும் எழுதுவது ஆகிய இரண்டும் பெயர்க் குழப்பத்தைப் பெரிதும் தவிர்க்கும்.

வசூல் நிறுவனம் விதி மீறினால் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடம் முறையிடலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு ஒன்ராறியோ தெற்காசியச் சட்ட உதவி மையம் இலவச ஆலோசனை தருகிறது. 211 என்ற எண்ணை அழைத்து மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் தமிழிலேயே வழி கேட்கலாம்.

நீதிமன்ற வழக்குக்கான உரிமைக்கோரல் பத்திரம் மேற்சொன்ன எதனுடனும் சேராது. சிறு வழக்கு நீதிமன்றம் 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பத்திரம் கையில் கிடைத்த 20 நாளுக்குள் எதிர்வாதம் தாக்கல் செய்யாவிட்டால், கடன் பொய்யாக இருந்தாலும் காலவரம்பு கடந்ததாக இருந்தாலும் எதிர்த்தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பாகிவிடலாம். அதன்பின் கைக்கு வரும் சம்பளத்தில் 20 விழுக்காடுவரை பிடித்தம் செய்ய இயலும். காலவரம்பை நீதிமன்றம் தானாக எடுத்துப் பேசாது, எதிர்வாதத்தில் நாம்தான் எழுத வேண்டும். ஆகவே எந்தக் கடிதத்தைப் புறக்கணித்தாலும் நீதிமன்றக் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்காதீர்கள்.